குஸ்டாவ் டி லாவல்

கார்ல் குஸ்டாவ் பத்ரிக் டி லாவல் (மே 9, 1845 – பெப்ரவரி 2, 1913) சுவீடன் நாட்டைச் சேர்ந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் தொழில்முனைவரும் ஆவார். பாலில் இருந்து கொழுப்பைத் தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்கும் பாலேடு பிரிப்பி, ஒற்றைச் சக்கர நீராவிச் சுழலி, ஒலியின் வேகத்தை விஞ்சும் நீராவித் தாரையை உருவாக்கும் குவி-விரி தாரைக்குழல் ஆகியவை இவரது முக்கியமான ஆக்கங்கள். இன்றைய ஏவூர்தி எந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இவரது பெயரைத் தாங்கிய லாவல் தாரைக்குழலே பயன்படுகிறது.

மிக வேகமாகச் சுழலும் பொறிகளில் தோன்றும் சமனின்மையையும், அதனால் எழும் அதிர்வையும் கையாள இவர் கண்ட வழி பொறியியல் வரலாற்றில் தனி இடம் பெற்றது. சுழல்தண்டு எவ்வளவு தடிப்பாகவும் விறைப்பாகவும் உள்ளதோ அவ்வளவு பாதுகாப்பு என்று கருதப்பட்ட காலத்தில், மெல்லிய, வளையும் தண்டே மிகை வேகத்துக்கு ஏற்றது என்று இவர் செய்துகாட்டினார்.

பிறப்பும் கல்வியும்

டி லாவல் சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் உள்ள ஊர்சா என்னும் ஊரில் பிறந்தார். இவரது முன்னோர் பிரான்சில் இருந்து 17ஆம் நூற்றாண்டில் சுவீடனுக்குக் குடிபெயர்ந்த சீர்திருத்தக் கிறித்தவர்கள். குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயராக அமைந்ததற்கு இதுவே காரணம்.

1863இல் ஸ்டாக்ஹோமில் இருந்த தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1866இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பொறியியல் பட்டதாரிகளுக்கு வேலை கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. எனவே ஃபாலூன் நகரில் இருந்த ஸ்டோரா கோப்பர்பெரி சுரங்க நிறுவனத்தில் எழுத்தர் நிலையிலான பணியில் சேர்ந்தார். பின்னர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1872இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பின் க்ளோஸ்டர் இரும்பாலையில் பொறியியலாளராகப் பணியாற்றினார். இயந்திரவியல், வேதியியல் ஆகிய இரு துறைகளிலும் பெற்ற பயிற்சி இவருடைய பிற்கால ஆய்வுகள் பலவற்றிலும் வெளிப்பட்டது.

பாலேடு பிரிப்பி

கறந்த பாலை அகன்ற பாத்திரங்களில் பல மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் ஏட்டை வழித்தெடுப்பதே வழக்கமாக இருந்தது. இதற்கு இடமும் நேரமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. கோடைக்காலத்தில் பால் புளித்துவிடுவதும் உண்டு.

பாலைச் சுழற்றினால் அடர்த்தி மிகுந்த நீர்ப்பகுதி வெளிப்புறமாகவும், அடர்த்தி குறைந்த கொழுப்பு நடுப்பகுதியை நோக்கியும் ஒதுங்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. செருமனியில் வில்லெம் லேஃபெல்ட் இந்த அடிப்படையில் இயந்திரம் ஒன்றை அமைத்திருந்தார். ஆனால் அதை ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஏட்டை எடுக்க வேண்டியிருந்தது. 1877இல் இதைப் பற்றி அறிந்த டி லாவல், சுழற்சியை நிறுத்தாமலேயே ஒரு புறம் பால் உள்ளே சென்று, ஏடும் கொழுப்பு நீங்கிய பாலும் தனித்தனி வழிகளில் வெளியேறும் இயந்திரத்தை உருவாக்கி 1878இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஆஸ்கர் லாம் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார். இது 1883இல் ஏபி செப்பரேட்டர் என்னும் நிறுவனம் ஆனது.

செருமானியரான கிளெமன்ஸ் ஃபான் பெக்டோல்ஸ்ஹைம் வடிவமைத்த கூம்பு வடிவத் தட்டுகளின் உரிமையை 1889இல் இந்நிறுவனம் வாங்கியது. ஆல்ஃபா தட்டுகள் எனப்பட்ட இவற்றைக் கிண்ணத்துக்குள் அடுக்கியபோது பிரிப்பியின் கொள்ளளவு பல மடங்கு உயர்ந்தது. இந்நிறுவனம் 1963இல் ஆல்ஃபா-லாவல் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஆல்ஃபா என்பது இந்தத் தட்டுகளையும், லாவல் என்பது நிறுவனரையும் குறிக்கும்.

பாலேடு பிரிப்பி டி லாவலின் மற்ற ஆய்வுகளுக்கும் தொடக்கப் புள்ளி ஆனது. பிரிப்பியின் கிண்ணம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல வேண்டும். அக்கால நீராவிப் பொறிகளோ நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுழன்றன. இடையில் வார்களையும் கப்பிகளையும் அமைத்தே வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. இயல்பாகவே மிகை வேகத்தில் சுழலும் ஒரு பொறியைத் தேடிய டி லாவல், நீராவிச் சுழலிக்கு வந்து சேர்ந்தார்.

நீராவிச் சுழலி

1883இல் இவர் அமைத்த முதல் சுழலி, வளைந்த குழாய்களின் முனைகளில் இருந்து நீராவி பீறிடும்போது ஏற்படும் எதிர்விசையால் சுழன்றது. அது நிமிடத்துக்கு 40,000 சுற்றுகளைத் தாண்டியது. ஆனால் நீராவியை அதிகமாக விழுங்கியது. எனவே இவர் வேறொரு முறைக்கு மாறினார். அம்முறையில் நீராவி அசையாத குழல்களில் முழுமையாக விரிவடைந்து, பெரும் வேகத்துடன் சக்கரத்தின் விளிம்பில் உள்ள இதழ்களைத் தாக்கும்.

இங்கு ஒரு தடை இருந்தது. குவிந்து முடியும் சாதாரணக் குழலில் நீராவியின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும் அதற்கு மேல் உயர்வதில்லை. அழுத்தத்தைக் கூட்டினாலும் மிஞ்சும் ஆற்றல் குழலுக்கு வெளியே சிதறி வீணாகும். டி லாவல் 1888-1889 காலப்பகுதியில் குழலை முதலில் குவியவும் பின்னர் மெல்ல விரியவும் அமைத்தார். விரியும் பகுதியில் நீராவி மேலும் விரிவடைந்து ஒலியின் வேகத்தை விஞ்சிச் சென்றது. இத்தகைய தாரைக்குழலில் இருந்து வெளிவரும் நீராவி நொடிக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் வேகம் கொள்ளும்.

இவ்வளவு வேகமான தாரையின் ஆற்றலை நன்கு பெற வேண்டுமானால், சக்கரத்தின் விளிம்பும் தாரையின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியளவுக்கு நகர வேண்டும். ஆகவே சிறிய பொறிகள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகள் வரையிலும், 300 குதிரைத்திறன் கொண்ட பெரிய பொறிகள் 10,000 சுற்றுகளை ஒட்டியும் சுழன்றன. அந்நாளில் வேறு எந்தத் தொழிற்பொறியும் இந்த வேகத்தில் இயங்கியதில்லை. வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க, நுண்மையாக வெட்டப்பட்ட இரட்டைச் சுருள் பற்சக்கரங்களை இவர் பயன்படுத்தினார்.

சமனின்மைச் சிக்கல்

சுழலும் பொருளின் எடை மையம் சுழல் அச்சின் மீது சரியாக அமையாத நிலையே சமனின்மை எனப்படுகிறது. உலோகத்தில் உள்ள சிறு குழி, தடிப்பில் உள்ள சிறு வேறுபாடு, துளையிடுவதில் நேர்ந்த மயிரிழைப் பிழை ஆகியவை இதற்குப் போதும். எந்தச் சக்கரத்தையும் முழுமையான சமநிலையுடன் செய்ய இயலாது. மிஞ்சியிருக்கும் பிழை எவ்வளவு என்பதே கேள்வி.

சமனின்மையால் எழும் மையவிலக்கு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அச்சில் இருந்து 10 செ.மீ தொலைவில் 1 கிராம் எடை மிகுதியாக உள்ள ஒரு சக்கரத்தை எடுத்துக் கொள்ளலாம். அது நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழலும்போது எழும் விசை ஏறத்தாழ 2.5 நியூட்டன். இது கால் கிலோ எடைக்குச் சமம். அதே சக்கரம் 30,000 சுற்றுகள் சுழன்றால் விசை 987 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிலோ எடை. வேகம் 20 மடங்கு ஆகும்போது விசை 400 மடங்கு ஆகிறது. இந்த விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறித் தாங்கிகளை உலுக்கும். 30,000 சுற்றுகள் என்றால் நொடிக்கு 500 முறை.

இதனுடன் இன்னொரு இடரும் உண்டு. ஒவ்வொரு தண்டுக்கும் அதன் மேல் உள்ள சக்கரத்துக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. சுழலும் வேகம் அந்த அதிர்வெண்ணுடன் பொருந்தும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு, தண்டு வில் போல் வளைந்து சுழலும். இந்த வேகம் மாறுநிலை வேகம் எனப்படுகிறது. 1869இல் இசுக்காட்லாந்துப் பொறியியலாளர் வில்லியம் ராங்கின் வெளியிட்ட ஆய்வு, இந்த வேகத்துக்கு மேல் தண்டு நிலையாகச் சுழல இயலாது என்ற முடிவுக்கு வந்திருந்தது. ராங்கின் பெரும் புகழ் பெற்றவர் என்பதால் அக்கருத்தைப் பலரும் ஏற்றனர். தண்டைத் தடிப்பாக்கி மாறுநிலை வேகத்தை எட்டாத உயரத்துக்குத் தள்ளுவதே ஒரே வழி என்று கருதப்பட்டது.

டி லாவலும் முதலில் விறைப்பான தண்டுகளையே பயன்படுத்தினார். தாங்கிகள் சூடேறித் தேய்ந்தன. பொறி முழுவதும் அதிர்ந்தது. சக்கரத்தை எவ்வளவு கவனமாகக் கடைந்து சமன் செய்தாலும், 30,000 சுற்றுகளில் எஞ்சிய பிழை தன்னை வெளிக்காட்டியது.

நெகிழ் தண்டு

1889இல் டி லாவல் நேர் எதிரான வழியை மேற்கொண்டார். தண்டை மெலிதாக்கினார். சிறிய பொறிகளில் அது விரலை விட மெல்லியதாக இருந்தது. இதனால் மாறுநிலை வேகம் மிகவும் தாழ்ந்தது. சுழலி புறப்பட்டவுடன் அந்த வேகத்தைச் சடுதியில் கடந்து, அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு வேகத்தில் இயங்கியது. மாறுநிலை வேகத்தைக் கடக்கும்போது தோன்றிய நடுக்கம், வேகம் மேலும் உயர்ந்ததும் அடங்கியது. கோட்பாடு இயலாது என்று கூறியதைப் பொறி செய்துகாட்டியது.

இது நிகழும் விதம் பின்வருமாறு:

மாறுநிலை வேகத்துக்குக் கீழே, சக்கரத்தின் எடை மிகுந்த பக்கம் வெளிப்புறமாகத் தள்ளப்படும். தண்டும் அதே பக்கமாக வளையும். வேகம் கூடக் கூட வளைவும் கூடும்.

மாறுநிலை வேகத்தில், எடை மிகுந்த பக்கத்துக்கும் தண்டு வளையும் திசைக்கும் இடையே 90 பாகை வேறுபாடு ஏற்படும். அதிர்வு உச்சத்தை அடையும். ஆனால் அதிர்வு பெருக நேரம் தேவை. விரைவாகக் கடந்துவிட்டால் அது அழிவு தரும் அளவுக்கு வளராது.

மாறுநிலை வேகத்துக்கு மேலே, தண்டு எடை மிகுந்த பக்கத்துக்கு எதிர்ப்புறமாக வளையும். வேகம் மேலும் உயரும்போது சக்கரத்தின் எடை மையம் சுழல் அச்சுக்கே வந்து சேரும். அதாவது, சக்கரம் தனது வடிவ மையத்தை விட்டுவிட்டு எடை மையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். அப்போது தாங்கிகளுக்குச் செல்லும் விசை, மெல்லிய தண்டை அச்சிறு அளவுக்கு வளைக்கத் தேவையான விசை மட்டுமே.

கயிற்றில் கட்டிய பொருளையோ நெகிழ்வான குச்சியின் நுனியில் உள்ள வட்டையோ வேகமாகச் சுழற்றும்போது அது தானே தன் மையத்தைத் தேடிக் கொள்வதை ஒத்தது இது. மனிதக் கையால் நீக்க முடியாத பிழையை, பொறி தன் சுழற்சியாலேயே ஈடு செய்து கொண்டது.

சக்கரத்தின் வடிவமைப்பிலும் இதே கவனம் தெரிகிறது. நடுவில் தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் அமைந்த அச்சக்கரத்தில் உட்தகைவு எங்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. பெரிய சக்கரங்களில் நடுவே துளை இடப்படவில்லை. விளிம்புக்கு அருகே வேண்டுமென்றே மெலிந்த வரிப்பள்ளம் வெட்டப்பட்டது. வேகம் கட்டுப்பாட்டை மீறினால் முதலில் விளிம்பு மட்டுமே பிய்ந்து, சக்கரத்தின் பெரும்பகுதி வெடித்துச் சிதறாமல் காக்கவே இந்த ஏற்பாடு.

கோட்பாட்டு விளக்கம்

நெகிழ் தண்டு இயங்கிக் கொண்டிருந்தது. அது ஏன் இயங்குகிறது என்பதற்கான விளக்கம் பிறகுதான் வந்தது. 1895இல் செருமானிய அறிவியலாளர் ஆகஸ்ட் ஃபோப்பல் லாவல் சுழலித் தண்டைப் பற்றிய கணித விளக்கத்தை வெளியிட்டார். அது போதிய கவனம் பெறவில்லை. 1919இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஜெஃப்காட், உராய்வையும் கணக்கில் கொண்டு மாறுநிலை வேகத்துக்கு மேலும் நிலையான சுழற்சி உண்டு என்று தெளிவாக நிறுவினார். ராங்கினின் கணக்கில், சுழலும் சட்டகத்தில் எழும் ஒரு விசை விடுபட்டிருந்ததே பிழைக்குக் காரணம் என்பதும் தெளிவானது. மெல்லிய தண்டின் நடுவில் ஒற்றை வட்டு கொண்ட எளிய அமைப்பு செருமானிய நூல்களில் லாவல் சுழலகம் என்றும், ஆங்கில நூல்களில் ஜெஃப்காட் சுழலகம் என்றும் அழைக்கப்படுகிறது.

மாறுநிலை வேகத்துக்கு மேலான இயக்கம் முற்றிலும் இடரற்றதன்று. 1920களில் அமெரிக்காவில் ஊதுலைக் காற்றமுக்கிகள் சில, நன்கு சமன் செய்யப்பட்டிருந்தும் கடுமையாக அதிர்ந்தன. 1924இல் நியூகிர்க், கிம்பால் ஆகியோர் தண்டுக்கு உள்ளேயே எழும் உராய்வு அத்தகைய அதிர்வைத் தூண்டக்கூடும் என்று கண்டறிந்தனர். எல்லா அதிர்வுக்கும் சமனின்மையே காரணம் அன்று என்பது இதனால் விளங்கியது.

அதிர்வை அளந்து சமன் செய்தல்

டி லாவலின் காலத்தில் சமன் செய்தல் என்பது பெரும்பாலும் நிலைச் சமனையே குறித்தது. சக்கரத்தைக் கூர்மையான இரு தண்டவாளங்களின் மேல் உருளவிட்டால் எடை மிகுந்த பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சிறிது உலோகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். ஆனால் நீண்ட சுழலகத்தின் ஒரு முனையில் ஒரு பக்கமும், மறு முனையில் எதிர்ப்பக்கமும் எடை மிகுந்திருந்தால் அது தண்டவாளத்தின் மேல் அமைதியாகவே நிற்கும். சுழலும்போதுதான் இரு முனைகளும் எதிரெதிராக ஆடும். இந்த இயக்கச் சமனின்மையை அதிர்வை அளந்தே கண்டறிய முடியும்.

1907ஐ ஒட்டி ஃபிரான்ஸ் லவாச்செக் இதற்கான சமன் செய்யும் இயந்திரத்தை வடிவமைத்தார். செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இருந்த கார்ல் ஷெங்க் நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. 1934இல் தியர்ல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், பொறியைக் கழற்றாமல் அது நிறுவப்பட்ட இடத்திலேயே இரு தளங்களில் சமன் செய்யும் கணக்கு முறையை வெளியிட்டார்.

அடிப்படை முறை எளியது. தாங்கியின் மேல் அதிர்வு உணரி ஒன்று பொருத்தப்படும். தண்டில் ஓர் அடையாளம் இடப்பட்டு, அது கடக்கும் கணம் ஒளியால் பதிவு செய்யப்படும். இதனால் அதிர்வின் அளவும், அடையாளத்தைப் பொறுத்து அதன் கோணமும் கிடைக்கும். பின்வரும் எடுத்துக்காட்டு கணக்கிடும் விதத்தை விளக்கும். கோணங்கள் அனைத்தும் ஒரே திசையில் அளக்கப்படுகின்றன.

முதல் ஓட்டத்தில் அதிர்வு நொடிக்கு 4 மி.மீ, கோணம் 90 பாகை.

பின்னர் பொறியை நிறுத்தி, 0 பாகையில் 10 கிராம் சோதனை எடை பொருத்தப்படுகிறது. அதே வேகத்தில் இரண்டாம் ஓட்டத்தில் அதிர்வு நொடிக்கு 5 மி.மீ, கோணம் 53 பாகை.

இரண்டாவதில் இருந்து முதலாவதைத் திசையன் முறையில் கழித்தால் கிடைப்பது நொடிக்கு 3 மி.மீ, கோணம் 0 பாகை. 10 கிராம் எடையின் விளைவு இதுவே.

முதல் அதிர்வை அழிக்க, அதே 4 மி.மீ அளவுக்கு எதிர்த்திசையில், அதாவது 270 பாகையில் விளைவு தேவை. எனவே சோதனை எடையைக் கழற்றிவிட்டு, 270 பாகையில் 13.3 கிராம் எடையைப் பொருத்த வேண்டும்.

இரு தளங்களுக்கும் இதே முறை விரிவாக்கப்படும். மூன்று ஓட்டங்கள் தேவைப்படும். கோணத்தை அளக்காமல் அளவை மட்டும் கொண்டு திருத்த முயன்றால் எடை தவறான பக்கத்தில் சேர்ந்து அதிர்வு கூடிவிடலாம். மாறுநிலை வேகத்துக்கு மேலே எடை மிகுந்த பக்கமும் வளையும் பக்கமும் எதிரெதிராக இருப்பதே இதற்கு முதன்மைக் காரணம். டி லாவலின் பொறியைக் காத்த அதே விளைவு, கவனக்குறைவான பணியாளரைத் தவறான பக்கத்துக்கு இட்டுச் செல்லக்கூடும்.

அளவைத் தொடங்கும் முன், அதிர்வு சுழற்சிக்கு ஒரு முறை நிகழ்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. சமனின்மை அவ்வாறுதான் தோன்றும். சுழற்சிக்கு இரு முறை வலுவான அதிர்வு இருந்தால் இணைப்புத் தண்டுகள் நேர்கோட்டில் இல்லை என ஐயுற வேண்டும். தளர்ந்த திருகாணிகளும் பழுதான தாங்கிகளும் வேறு வகை அதிர்வெண்களைத் தரும். இவற்றை எடை சேர்த்துத் திருத்த இயலாது.

எஞ்சிய சமனின்மை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 21940 செந்தரம் தரவகைகளை வகுத்துள்ளது. பொதுவான விசிறிகளுக்கும் நீரேற்றிகளுக்கும் 6.3 என்ற தரவகையும், நீராவிச் சுழலிகளுக்கு 2.5 என்ற தரவகையும் பொருந்தும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும் நீராவிச் சுழலியில் எடை மையம் அச்சில் இருந்து ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் வரை விலகியிருக்கலாம் என்பது இதன் பொருள்.

பார்சன்ஸுடன் ஒப்பீடு

இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் தமது நீராவிச் சுழலியை உருவாக்கினார். அது நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் சுழன்று 7.5 கிலோவாட் மின்சாரம் தந்தது. பார்சன்ஸ் நீராவியின் அழுத்தத்தை ஒரே சக்கரத்தில் இறக்காமல் பல படிகளாகப் பிரித்தார். இதனால் பொறியைப் பெரிதாக்கும்போது வேகத்தைக் குறைக்க முடிந்தது. அவரும் சமனின்மையை எதிர்கொண்டார். தாங்கிகளைச் சிறிது அசைய விட்டுத் தண்டு தன் மையத்தைத் தேடிக் கொள்ள வழி செய்தார். டி லாவல் தண்டுக்கு அளித்த நெகிழ்வை, பார்சன்ஸ் தாங்கிக்கு அளித்தார் எனலாம்.

டி லாவலின் பொறி சிறிய ஆலைகளிலும் பாற்பண்ணைகளிலும் பெரிதும் பயன்பட்டது. ஆனால் மின் நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் தேவைப்பட்டபோது, ஒற்றைச் சக்கரமும் பற்சக்கரமும் ஈடு கொடுக்கவில்லை. அப்போட்டியில் பார்சன்ஸின் பல படிச் சுழலியும், பிரான்சின் ராத்தோ, அமெரிக்காவின் கர்ட்டிஸ் ஆகியோரது வடிவமைப்புகளும் வென்றன. எனினும் நெகிழ் தண்டும் குவி-விரி தாரைக்குழலும் பொறியியலின் பொதுச் சொத்தாயின.

பிற முயற்சிகளும் பொருள் இழப்பும்

டி லாவல் 92 சுவீடியக் காப்புரிமைகளைப் பெற்றார். 37 நிறுவனங்களைத் தொடங்கினார். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இவரது சுழலி காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில் சுழலி உற்பத்திக்கெனத் தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1897இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் வழக்கத்தை விடப் பல மடங்கு உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் நீராவி நிலையத்தை இவர் காட்டினார். இத்தகைய உயர் அழுத்தங்கள் மின் நிலையங்களில் வழக்கத்துக்கு வர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின.

பால் கறக்கும் இயந்திரம், மின் உலையில் துத்தநாகம் உருக்குதல் எனப் பல துறைகளிலும் இவர் இறங்கினார். பிரிப்பியிலும் சுழலியிலும் ஈட்டிய பணத்தை அடுத்தடுத்த ஆய்வுகளில் இட்டார். ஒரு கண்டுபிடிப்பு பயன் தரத் தொடங்கும் முன்பே அடுத்ததில் கவனம் சென்றுவிடும். இதனால் பெரும்பாலான நிறுவனங்கள் நிலைக்கவில்லை. பால் கறக்கும் இயந்திரத்துக்கு 1890களில் இவர் வழி தேடினார். அது விற்பனைக்கு ஏற்ற வடிவம் பெற்றது இவர் இறந்த பின், 1918இல்தான்.

பொது வாழ்வு

சுவீடிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1886இல் சுவீடிய அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1901இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் உள்ள டிரெண்டன் நகரில் டி லாவல் நீராவிச் சுழலி நிறுவனம் தொடங்கப்பட்டது.

மறைவு

டி லாவல் 1913 பெப்ரவரி 2 அன்று ஸ்டாக்ஹோமில் தமது 67ஆம் வயதில் காலமானார். ஸ்டாக்ஹோமின் வடக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உலகெங்கும் விற்ற இயந்திரங்களை உருவாக்கியவர் என்ற போதிலும், இறக்கும்போது இவரிடம் பெரும் செல்வம் ஏதும் மிஞ்சவில்லை. எண்ணங்களையும் வரைபடங்களையும் கொண்ட ஏராளமான குறிப்பேடுகளை விட்டுச் சென்றார்.

இந்தியாவில் லாவலின் ஆக்கங்கள்

இந்தியாவின் கூட்டுறவுப் பால் நிலையங்களில் இயங்கும் பிரிப்பிகள் டி லாவலின் தொடர் பிரிப்பு முறையையே அடிப்படையாகக் கொண்டவை. பாலேட்டைப் பிரித்த பின் அதன் கிண்ணத்தையும் தட்டுகளையும் கழுவி, அவற்றின் எண் வரிசை மாறாமல் மீண்டும் அடுக்க வேண்டும் என்று பணியாளர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. தட்டுகள் இடம் மாறினால் சமநிலை குலைந்து கிண்ணம் அதிரும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துகை வளாகத்தில் சோதிக்கப்படும் விகாஸ் எந்திரம், பிரான்சின் வைக்கிங் எந்திரத்தின் தொழில்நுட்பத்தில் இருந்து உருவானது. அதன் முனையில் இருப்பது லாவல் தாரைக்குழல். அதற்கு எரிபொருளை இறைக்கும் சுழலி நீரேற்றியின் தண்டும் நுண்மையாகச் சமன் செய்யப்பட வேண்டும்.

சமனின்மை எவ்வளவு அழிவைத் தரும் என்பதற்கு நரோரா அணுமின் நிலைய விபத்து ஒரு சான்று. உத்தரப் பிரதேசத்தில் உள்ள இந்நிலையத்தில் 1993 மார்ச் 31 அன்று நீராவிச் சுழலியின் தாழ் அழுத்தப் பகுதியில் இதழ்கள் முறிந்தன. சுழலகம் ஒரே கணத்தில் பெரும் சமனின்மைக்கு உள்ளானது. அதிர்வால் மின்னாக்கியின் முத்திரைகள் உடைந்து, குளிர்விக்கப் பயன்பட்ட ஐதரசன் வளி கசிந்து தீப்பற்றியது. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரம் இன்றி இருந்தது. அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கம் வெளியே பரவவில்லை. பன்னாட்டு அணு நிகழ்வு அளவுகோலில் இது 3ஆம் நிலையில் வைக்கப்பட்டது.

அன்றாட வாழ்விலும் இச்சிக்கல் தென்படுகிறது. புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் இருந்து செல்லும் இயந்திரப் படகு போன்ற ஒன்றின் உந்துவிசிறியில் ஓர் இதழின் நுனி உடைந்தால் படகு முழுவதும் நடுங்கும். மகிழுந்துச் சக்கரங்களின் விளிம்பில் ஒட்டப்படும் சிறு எடைத் துண்டுகளும் சமனின்மையைத் திருத்தவே பயன்படுகின்றன. இங்கெல்லாம் வேகம் குறைவு என்பதால் எடை சேர்த்தோ நீக்கியோ திருத்த முடிகிறது. கையின் நுண்மை எட்டாத வேகங்களுக்கு, தண்டை வளைய விடுவது என்ற டி லாவலின் வழி இன்றும் வானூர்திப் பொறிகளிலும் மிகை வேக மையவிலக்கிகளிலும் பின்பற்றப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

நீராவிச் சுழலி
சார்லஸ் பார்சன்ஸ்
மையவிலக்கு விசை
ஒத்ததிர்வு
ஏவூர்தி எந்திரம்